மதலேன் அத்தை போட்ட சிவப்பு அங்கி

பஞ்சு நனைந்து, அதோடு பிசினும் சேர்ந்துகொண்டால் ஒரு வாடை வரும். மழையில் நனைந்த நாயின் முதுகில் முகத்தை வைத்த மாதிரி இருக்கும். கிறிஸ்மஸ் என்றதும் மற்றவர்களுக்குக் கேக்கு வாசனையோ சாம்பிராணி வாசனையோ நினைவுக்கு வருமாம். எனக்கு இந்த வாடைதான் வரும். ஆறு வயதில் நான் முதன்முதலாகப் பார்த்த கிறிஸ்மஸ் தாத்தா, ஒரு மார்கழித் தூறலில் நனைந்துகொண்டே வந்து என்னைத் தூக்கி முத்தம் கொடுத்தார். அவருடைய தாடி முழுக்க ஆலைப் பஞ்சு. அதில் பாதி என் கன்னத்தோடு வந்துவிட்டது.

அவரைப் புதுச்சேரியில் அன்றைக்கு யாரும் கிறிஸ்மஸ் தாத்தா என்று சொன்னதில்லை. பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். அவர்கள் "பேர் நொயேல்" என்றார்கள், நாங்களும் அப்படியே சொன்னோம். பிரெஞ்சில் "பேர்" என்றால் தகப்பனார் என்று எனக்கு எப்படித் தெரியும்? "பேர் நொயேல் வந்துட்டார், பேர் நொயேல் வந்துட்டார்" என்று பிள்ளைகள் கத்தியபோது, வந்தவருடைய பெயரைத்தான் அறிவிக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, "பேரு நொயேலு, சரி. ஊரு எதுப்பா?" என்று அப்பாவைக் கேட்டேன். அப்பா சிரிக்காமல், "அவரையே கேளு" என்றார். கேட்டேன். அந்த வெள்ளைக்காரருக்குத் தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆமாம் என்பதற்கு அவர்கள் பாஷையில் "உய், உய்" என்று சொல்லித் தலையை ஆட்டினார். பேர் நொயேல், ஊர் உய். இரண்டு வருஷம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு உப்பளத்தில், ஆலைக்காரர்கள் மட்டுமே குடியிருந்த ஒரு சந்தில் இருந்தது. ஆலைச் சங்கு ஊதினால் சந்து காலியாகும், மறுபடி ஊதினால் நிறையும். அப்பா சூசை தறிப் பகுதியில் வேலை செய்தார். அம்மா சவரியம்மாள் நூல் சுற்றும் பகுதியில். அப்பாவின் அக்கா மதலேன் அத்தை பஞ்சு பிரிக்கும் கொட்டடியில் வேலை செய்தாள். புருஷனை இழந்தவள், பிள்ளைகள் இல்லை, எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் தனியாக இருந்தாள். தனியாக இருந்தாள் என்பது அடுப்பு விஷயத்தில் மட்டும். குரல் விஷயத்தில் அவள் எல்லா வீட்டிலும் இருந்தாள். இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகி அவள் குரல் ஆண்பிள்ளைக் குரலாகவே ஆகியிருந்தது. ஆலைச் சங்கு பழுதானால் மதலேனை மாடியில் ஏற்றி நிறுத்தினால் போதும் என்று சந்தில் சொல்லுவார்கள். ஆளும் நல்ல உயரம். வாசற்படிகளில் அவள் குனிந்து நுழைந்து பார்த்திருக்கிறேன், வேறு எங்கேயும் குனிந்து பார்த்ததில்லை.

கிறிஸ்மஸ் என்ற பண்டிகை தலைமுறைக்குத் தலைமுறை எப்படியெல்லாம் வேஷம் மாற்றிக்கொண்டது என்பதை அப்பா சொல்லக் கேட்க வேண்டும். என் தாத்தா காலத்தில் கிறிஸ்மஸ் என்றால் கோயிலில் பூசை, வீட்டில் பன்றிக்கறி, சாயங்காலம் மச்சான்மார்களோடு சண்டை, அவ்வளவுதானாம். அப்பா சிறுவனாக இருந்தபோது கப்பலில் வேலை பார்த்த ஒருவர் மண்பொம்மைக் குடில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். மாதா இருந்தாள், குழந்தை இருந்தது, மாடு கழுதை இருந்தன. சூசையப்பரை மட்டும் காணோம், வழியிலேயே உடைந்துவிட்டாராம். அவர் இடம் காலியாக இருக்கக் கூடாதென்று, சந்தையில் வாங்கிய ஒரு சிப்பாய் பொம்மையை வைத்தார்கள். ஆக, அப்பாவின் இளமை முழுவதும் எங்கள் வீட்டுத் திருக்குடும்பத்துக்குத் தலைவராகத் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் நின்றார். என் காலத்தில்தான் பேர் நொயேல் வந்து சேர்ந்தார்.

அவரை வரவழைத்தது ஆலை. ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் பிற்பகல் நான்கு மணிக்கு ஆலை முற்றத்தில் தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒரு விழா நடக்கும். அதை "ஃபேத்து" என்போம். மணல் நிரப்பிய பீப்பாயில் ஒரு சவுக்குக் கிளையை நட்டு, அதன் மேல் பஞ்சைப் பிய்த்துப் போட்டிருப்பார்கள். அது பனியாம். பனியையே பார்த்திராத நாங்கள், சவுக்கு மரத்தில் ஏன் இலவம் வெடித்திருக்கிறது என்று யோசிப்போம். நூல் கணக்குப் பார்க்கும் ஒரு ஒல்லியான வெள்ளைக்கார முசியே பேர் நொயேல் வேஷம் போட்டு, ஆள் பின்னால் நின்று தள்ளும் "புஸ்புஸ்" வண்டியில் வந்து இறங்குவார். ஒரு வருஷம் அந்த வண்டியைக் கலைமான் இழுத்துவந்தால் நன்றாக இருக்கும் என்று யாருக்கோ தோன்றி, இரண்டு வெள்ளாடுகளுக்குக் குச்சிக் கொம்பு கட்டிப் பூட்டினார்கள். ஆடுகள் ஒழுங்காகத்தான் வந்தன. மரத்தடியில் வந்ததும் பனியை எல்லாம் தின்றுவிட்டன.

பிறகு ஒவ்வொரு பிள்ளையாகத் தகப்பன் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஓடிப்போய்ப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, ஆலைத் துரையின் மனைவியான மதாமுக்கு முன்னால் குனிந்து "மெர்சி மதாம்" என்று நன்றி சொல்ல வேண்டும். பொட்டலத்தில் நாலு பிஸ்கோத்து, ஒரு கமலாப்பழம், ஒரு தகர ஊதல். அந்த ஊதலுக்காக நாங்கள் பன்னிரண்டு மாதம் காத்திருப்போம். அதை மறைத்துப் பெருமை பேச மாட்டேன்.

எனக்குப் பத்து வயதான வருஷம் ஆலைகளில் வேலைநிறுத்தம் வந்தது. அதைப் பற்றிப் பெரிய புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்லப்போவது புத்தகத்தில் ஏறாத பகுதி. விடிந்தால் போய் இருட்டினால் திரும்பும் வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லித்தான் கேட்டார்கள். அப்பாவும் அத்தையும் முன்வரிசையில் நின்றார்கள். ஆலை மறுபடி திறந்தபோது முன்வரிசையில் நின்றவர்களை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அம்மா அந்த நாட்களில் விஷக் காய்ச்சலில் கிடந்தபடியால் அவள் பேர் எந்தப் பட்டியலிலும் இல்லை. காய்ச்சல் புண்ணியத்தில் எங்கள் வீட்டில் ஒரு ஆளுக்கு வேலை மிஞ்சியது. அதை வைத்துத்தான் நாங்கள் நாலு பேரும் அத்தையும் சாப்பிட்டோம்.

அந்த மார்கழியில், விழாவுக்கான இளஞ்சிவப்புச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு ஆலைக் குமாஸ்தா எங்கள் சந்துக்கு வந்தார். சில வீடுகளில் நின்றார், சில வீடுகளைத் தாண்டிப் போனார். எங்கள் வீட்டு முன்னால் தயங்கி நின்று, அம்மாவிடம் மட்டும் பேசினார்.

"உங்க பொண்ணு வரலாம். மசேர் அதுக்குப் பாட்டு கத்துக்குடுத்திருக்காங்க, மதாமுக்கு அது குரல் புடிச்சுப்போச்சு. பையனுக்குக் கெடையாது. தகப்பன் பேரு பட்டியல்ல இருக்குது பாருங்க."

மசேர் என்றால் எங்கள் பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரீ. அவர் இரண்டு மாதமாக எனக்கு ஒரு பிரெஞ்சுப் பாட்டைச் சொல்லிக்கொடுத்திருந்தார். பையன் என்றது என் தம்பி லூர்துவை. ஐந்து வயது. அவன் குமாஸ்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "நான் இன்னா பண்ணேன்?" என்று கேட்டான். அவர் வேட்டியை மெதுவாக விடுவித்துக்கொண்டு அடுத்த வீட்டைத் தாண்டி அடுத்ததற்குப் போனார். அவன் அழுதிருந்தால் பரவாயில்லை. சாயங்காலம் வரைக்கும், தான் என்ன பண்ணினோம் என்று ஒவ்வொன்றாக யோசித்துச் சொல்லிக்கொண்டிருந்தான்: முட்டையை உடைத்தது, பூனை வாலை இழுத்தது, செபத்தில் தூங்கியது.

மதலேன் அத்தையால் அதைத்தான் தாங்க முடியவில்லை. எழுந்து நடுச்சந்தில் நின்றாள்.

"பேர் நொயேலு இன்னா இவனுங்க அப்பன் ஊட்டுச் சொத்தா? மில்லு தொறக்கறதுக்கு முந்தியே கிறிஸ்மஸ் இருந்துச்சுடா. நம்ம புள்ளைங்களுக்கு நாமளே ஒரு பேர் நொயேலு பண்ணிக்குவோம். நான் போடறேன் வேஷம்."

"பொம்பளை எப்படிக்கா?" என்றார் அப்பா.

"தாடி வச்சுட்டா எவனுக்குடா தெரியும்?"

தாடிக்குத் தன் தலையணையையே கிழித்தாள். இலவம்பஞ்சு, ஆலைப் பஞ்சில் ஒரு இழையும் கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சிக்கல் அங்கியில்தான் வந்தது. அவ்வளவு சிவப்புத் துணிக்கு எங்கே போவது? சந்தில் யார் வீட்டிலும் மாற்றுப் புடவைக்கே வழி இல்லை. சிவப்புத் துணி என்று ஒன்றே ஒன்று இருந்தது. அது எங்கள் வீட்டு அரிசிப் பானைக்குள் இருந்தது. வேலைநிறுத்தத்தின்போது பிடித்த கொடி. சிவப்புக் கொடியைக் கண்டால் சிப்பாய்கள் பிடுங்குவார்கள் என்று பேச்சு அடிபட்டதால் அப்பா அதை மடித்துப் பானைக்குள் போட்டு மூடியிருந்தார். அரிசி இல்லாத பானையை யார் திறந்து பார்க்கப்போகிறார்கள்?

"அது கொடிக்கா. அதைப் போய்க் கிழிச்சுத் தைக்கறதா?" என்று அப்பா தடுத்தார்.

"கொடின்னா கம்புலதான் ஏறணுமா? இந்த வாட்டி ஆளு மேல ஏறட்டும்" என்றாள் அத்தை.

அம்மா விழா நாளன்று எனக்குத் தலை வாரிவிடும்போது தாழ்ந்த குரலில் சொன்னாள்: "பாடிட்டு நேரா வந்துடு, அமலோ. வேற எதுக்கும் வாயைத் தொறக்காதே. என் வேலை ஒண்ணுதான் மிச்சம்." அமலோற்பவம் என்ற பெயரை அவள் ஒருத்திதான் அப்படிச் சுருக்குவாள். சரி என்றேன். சரி என்றுதான் நினைத்துக்கொண்டும் போனேன்.

இனிச் சொல்வதில் பாதி நான் கண்ணால் கண்டது, மீதி பிறகு தம்பியும் அப்பாவும் சொல்லக் கேட்டது.

அத்தையின் திட்டம் சின்னதுதான். சீட்டுக் கிடைக்காத பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சந்திலிருந்து புறப்பட்டு, ஆலை மதில் ஓரமாக ஒரு சுற்று நடந்து, திரும்பி வந்து பலகாரம் கொடுப்பது. கையில் ஒரு கூடை நிறையக் "கல்கலா" இருந்தது; மாவைச் சுருட்டி எண்ணெயில் பொரித்துப் பாகில் புரட்டும் கிறிஸ்மஸ் பலகாரம் அது. அப்பா மண்ணெண்ணெய் டின்னை மேளமாகக் கட்டிக்கொண்டார். அத்தை கால் வரைக்கும் தொங்கும் சிவப்பு அங்கியோடும் வயிறு வரைக்கும் தொங்கும் தாடியோடும் நடுவில் நடந்தாள். மதில் முனையில், போலீஸ் அதிகாரி ஒருவர் இரண்டு சிப்பாய்களோடு வந்து மறித்தார்.

"சிவப்புத் துணி எடுத்துக்கிட்டு ஊர்வலம் போகக் கூடாது, தெரியுமில்ல?"

"துணி எங்கய்யா எடுத்தோம்? இது சட்டை" என்றாள் அத்தை.

"சிவப்புச் சட்டை."

"பேர் நொயேலு பின்ன இன்னா கலர்ல சட்டை போடுவாரு? நீங்களே சொல்லுங்க. பச்சையா? உள்ளாற துரை ஊட்டு விழாவுக்கு ஒருத்தர் வரப்போறாரே, அவரு சட்டையையும் கழட்டுவீங்களா?"

அதிகாரி யோசித்தார். அத்தை விடவில்லை. "அதுவும் போவட்டும். உங்க தலையில இருக்கறது இன்னா கலருங்க?"

புதுச்சேரிப் போலீஸ்காரர்களின் தொப்பி அன்றைக்கும் சிவப்பு, இன்றைக்கும் சிவப்பு. பின்னால் நின்ற சிப்பாய் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது; இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அதிகாரி கடைசியில், "சரி, போங்க. நாங்களும் கூடவே வர்றோம், பார்த்துக்கறோம்" என்றார். அங்கேதான் விதி விளையாடியது. இப்போது ஊர்வலத்தின் முன்னால் மேளம், நடுவில் பேர் நொயேல், பின்னால் சீருடை போட்ட மூன்று சிவப்புத் தொப்பிகள். பார்ப்பதற்கு அரசாங்கமே நடத்தும் ஊர்வலம் மாதிரி ஆகிவிட்டது.

ஆலை வாசல் காவல்காரருக்குக் கிடைத்திருந்த உத்தரவு ஒன்றே ஒன்று: சிவப்பு அங்கி போட்ட தாடிக்காரர் வந்ததும் இரண்டு கதவையும் அகலத் திறக்க வேண்டும். நிஜமான தாடிக்காரருடைய புஸ்புஸ் வண்டி, முந்தின நாள் மழைச் சேற்றில் சக்கரம் புதைந்து, இரண்டு தெரு தள்ளி நின்றுகொண்டிருந்தது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? மேளச் சத்தம் கேட்டது, அங்கி தெரிந்தது, தாடி தெரிந்தது, போலீஸ் காவல் வேறு. இரண்டு கதவையும் திறந்து, விறைப்பாக நின்று சலாம் வைத்தார். "கதவைத் தொறந்து உட்டாங்க, உள்ள போவாம இருந்தா மரியாதையா?" என்று பிறகு அத்தை கேட்பாள்.

நான் அந்த நேரத்தில் மேடையில் பாட்டின் இரண்டாவது அடியில் இருந்தேன். மேளம் கேட்டதும் எல்லாத் தலைகளும் வாசல் பக்கம் திரும்பின. மதாம் எழுந்து நின்று கைதட்டினாள். பாட்டை விட்டுவிட்டுப் பார்த்தேன். இந்த வருஷம் பேர் நொயேல் இவ்வளவு உயரமாக வளர்ந்துவிட்டாரே என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு அவர் பின்னால் லூர்து வாயைப் பிளந்துகொண்டு வருவதைப் பார்த்தேன்.

அத்தை நேராகச் சவுக்கு மரத்தடிக்குப் போனாள். அங்கே மேசை மேல் ஆலையின் பொட்டலங்கள் குவிந்திருந்தன. பட்டியல் பார்த்துப் பேர் கூப்பிட வேண்டியது குமாஸ்தாவின் வேலை. அவர் தாளை எடுப்பதற்குள் அத்தை தன் இயந்திரக் குரலில் ஆரம்பித்துவிட்டாள்.

"சூசை மவன் லூர்து!"

அந்த முற்றத்தில் அப்பாவின் பேரைச் சத்தமாகச் சொல்லி நாலு மாதம் ஆகியிருந்தது. லூர்து போனான். பொட்டலத்தை வாங்கினான். அடுத்த பேர், அடுத்த பேர் என்று வாசலில் நிறுத்தப்பட்டவர்களுடைய பேராகவே அவள் சொல்லிக்கொண்டு போனாள். தகப்பன் பேர், பிள்ளை பேர், பொட்டலம். ஓரமாக நின்ற தொழிலாளர்கள் யாரும் கைதட்டவில்லை, சிரிக்கவில்லை. ஒவ்வொரு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தார்கள். பிள்ளைகள் மதாமுக்கு "மெர்சி" சொன்னார்கள். மதாம் மகிழ்ச்சியாகத் தலையசைத்தாள். அவளைப் பொறுத்தவரை விழா பிரமாதமாக நடந்துகொண்டிருந்தது.

துரைக்குத்தான் அந்தப் பேர்கள் காதில் குத்தின. வேலையிலிருந்து நிறுத்தியவர்களின் பட்டியலில் அவரே கையெழுத்துப் போட்ட பேர்கள் ஆயிற்றே. முகம் சிவக்க எழுந்து வந்தார். பக்கத்தில் மசேரிடம் படித்து ஓரளவு பிரெஞ்சு தெரிந்த தமிழ்ப் பிள்ளை நான் ஒருத்திதான். என் முன்னால் வந்து நின்று, அத்தை பக்கம் கையைக் காட்டி, "யார் அது?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

நூல் சுற்றும் பெண்களின் வரிசையில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். அவள் கண் என்ன சொன்னது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் வாயைத் திறந்தேன்.

"ல பேர் நொயேல், முசியே."

அதே நேரம் வாசலில் ஒரு கூச்சல். முழங்கால் வரை சேறும், கழன்று மார்பில் தொங்கும் தாடியுமாக, கணக்குப் பார்க்கும் முசியே நடந்தே வந்து சேர்ந்திருந்தார். ஏற்கெனவே ஒருவரை உள்ளே விட்டாயிற்று என்பதால் காவல்காரர் அவரை விடமாட்டேன் என்று கையைக் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தார். துரை அவரைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்படியானால் அது யார்?" என்றார்.

நாலு வருஷமாக அந்த மனிதரை எனக்குத் தெரியும். என் கன்னத்தில் முத்தம் கொடுத்தவர். ஆனாலும், "அவரை எனக்குத் தெரியாது, முசியே" என்றேன்.

முதலில் சிரித்தது துரையின் சொந்தப் பையன். பிறகு மதாம். பிறகு விருந்தாளியாக வந்திருந்த வெள்ளைக்காரர்கள். அதற்கப்புறம் முற்றமே சிரித்தது. நாலு மாதமாகச் சிரிக்காதவர்கள் எல்லாரும் சேர்த்துவைத்துச் சிரித்தார்கள். அத்தனை பேர் முன்னால் ஒரு பேர் நொயேலைப் பிடித்து வெளியே தள்ளத் துரையால் முடியவில்லை. அத்தை மேசை காலியாகும் வரை கொடுத்துவிட்டு, சீட்டோடு வந்த பிள்ளைகளுக்குப் பொட்டலம் போதாமல் போனதும் தன் கூடையிலிருந்து கல்கலாவை அள்ளி அள்ளிக் கொடுத்துவிட்டு, தாடியை ஒருமுறை நீவிக்கொண்டு, வந்த வழியே நடந்து வெளியே போனாள்.

ஜனவரி தொடக்கத்தில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாளுக்குப் பிறகு அம்மா வேலைக்குப் போனபோது, வாசலில் அவளையும் நிறுத்திவிட்டார்கள். காரணம் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அந்த மூன்று நாளும் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். இன்றைக்கு வீரமாக எழுதுகிறேன் என்பதற்காக அன்றைக்குப் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். நாலாம் நாள் எனக்குத் தலை வாரும்போது, சீப்பை வெடுக்கென்று இழுத்து, "அந்தச் சேத்துக்கால் முசியேவை நெசமாவே தெரியலையாடி உனக்கு?" என்றாள்.

"தெரியும்."

"பின்ன ஏன் அப்படிச் சொன்னே?"

"ரெண்டு பேர்ல எனக்கு அத்தையைத்தானே நல்லாத் தெரியும்."

அம்மாவின் கையிலிருந்து சீப்பு நழுவியது. சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அது எங்கே சிரிப்பிலிருந்து அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாளே முத்தியால்பேட்டைக்கு நடந்துபோய், கைத்தறிக்காரர் ஒருவரிடம் பாவு ஓட்டும் வேலையில் சேர்ந்தாள்.

பொய் சொன்ன பாவத்துக்கு நான் கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியிருந்தது. ஒரு மனுஷரைத் தெரிந்துகொண்டே தெரியாதென்று சொன்னேன் என்று தட்டிக்கு இந்தப் பக்கம் முழங்காலிட்டுச் சொன்னேன். தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் வெகுநேரம் இருமினார். பிறகு, தன் குருவைத் தெரியாதென்று சீடர் சொன்னதும் கோழி கூவிய வேதக் கதையை நினைத்துக்கொண்டு, "அப்போ கோழி கூவிச்சாம்மா?" என்று கேட்டார். இல்லை சாமி, டின்னு மேளம்தான் என்றேன். மூன்று "அருள் நிறைந்த மரியே" சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்.

கொஞ்ச காலத்தில் எட்டு மணி நேர வேலை என்று சட்டம் வந்தது. அப்பாவையும் அத்தையையும் மறுபடி எடுத்துக்கொண்டார்கள். அம்மாவுக்கும் ஆள் விட்டார்கள். "அந்த வாசல்ல ஒரு வாட்டி நின்னது போதும்" என்று அவள் போகவில்லை. ஆலை விழா அதோடு நின்றுபோனது. எங்கள் சந்து விழா நிற்கவில்லை. அத்தை வருஷா வருஷம் தாடி கட்டினாள். யுத்த காலத்தில் சர்க்கரை கிடைக்காமல் பாகில்லாத கல்கலாவைக் கொடுத்து, "பல்லுக்கு நல்லது" என்றாள். கடைசி இரண்டு வருஷம் அவளால் நடக்க முடியவில்லை. பிரித்த பஞ்செல்லாம் அவள் நெஞ்சுக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்குவாள். அப்படியும் நாற்காலியில் உட்கார்ந்தபடி பிள்ளைகளின் பேரைக் கூப்பிட்டாள். தகப்பன் பேரோடு சேர்த்துத்தான் கூப்பிட்டாள்.

பிரெஞ்சுக்காரர் போனார்கள். பேர் நொயேல் கிறிஸ்மஸ் தாத்தாவாகி, பிறகு சாண்டாவாகி, இப்போது துணிக்கடை வாசலில் கூலிக்கு நின்று, கைபேசியில் படம் எடுத்துக்கொள்கிறவர்களுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார். புஸ்புஸ் வண்டி போனது, டின் மேளம் போனது, எங்கள் சந்தே இருந்த இடம் தெரியாமல் போனது. ஆலைகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்தச் சங்குச் சத்தம் கேட்காமல் நெஞ்சு வெறிச்சென்றிருக்கிறது என்று என் வயதுக்காரர்கள் எழுதுகிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. விடியற்காலையில் என் தாயை என் பக்கத்திலிருந்து எழுப்பிக்கொண்டு போன சத்தம் அது. ஓய்ந்தது ஓய்ந்ததாகவே இருக்கட்டும்.

எண்பதைத் தாண்டிவிட்ட என்னைப் போன கிறிஸ்மஸுக்கு என் கொள்ளுப்பேத்தியின் பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள். அந்தக் காலத்துக் கிறிஸ்மஸ் எவ்வளவு அழகாக இருந்தது என்று பிள்ளைகளுக்குப் பத்து நிமிஷம் சொல்ல வேண்டுமாம். நின்றபடி ஆரம்பித்தேன். குமாஸ்தா சீட்டு கொண்டுவந்த இடத்துக்கு வந்ததும் ஆசிரியை என் காதருகே குனிந்து, "ஆயா, ஸ்ட்ரைக் கதையெல்லாம் வேணாமே. கிறிஸ்மஸை மட்டும் சொல்லுங்க. பாவம், சின்னப் பசங்க" என்றார்.

"எனக்கும் அப்போ பத்து வயசுதாம்மா" என்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். முன்வரிசையில் ஒரு பெண், "உங்க தம்பி அப்புறம் இன்னா பண்ணாரு?" என்று கேட்டாள். மேசைக்குப் பின்னால் இருந்த நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு நன்றாக உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் எப்போதோ முடிந்துவிட்டிருந்தது. முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன்.